தோல் பதனிட்டவர் போட்ட மெட்டுகள்

1770-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பாஸ்டன் நகரத்து ஈட்ஸ்–கில் அச்சகத்திலிருந்து, உயரம் குறைந்து அகலம் கூடிய பாட்டுப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. பெயர் ‘தி நியூ இங்கிலாந்து சாம் சிங்கர்’. உள்ளே 120-க்கும் மேற்பட்ட உருப்படிகள். சபையில் பாடும் சங்கீதங்களுக்கும் ஞானப்பாட்டுகளுக்கும் நான்கு குரல்களுக்குப் பிரித்து எழுதிய மெட்டுகள் அவை. அத்தனையும் ஒரே ஆள் போட்டவை. அதற்கு முன்பு அமெரிக்கக் காலனிகளில் பிறந்தவர் போட்ட மெட்டு என்று அச்சில் இருந்தவற்றை எண்ணினால் ஒரு டஜனைச் சுற்றித்தான் வரும். புத்தகத்தின் முன்னுரையில் இட்ட தேதி அக்டோபர் 7. ஆசிரியர் வில்லியம் பில்லிங்ஸுக்கு அன்று 24 வயது நிறைந்தது. அவருடைய தொழில் தோல் பதனிடுவது.

முறையாக யாரிடமும் இசையமைப்பு கற்காத ஒருவர் இத்தனை பெரிய வேலையில் இறங்கியதற்குப் பின்னால், அவர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிய ஒரு சண்டை இருக்கிறது. நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பெரும்பாலான சபைகளில் அப்போது வாத்தியமே கிடையாது. அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் ஆராதனையில் வேதத்தின் சங்கீதங்களை மட்டுமே, அதுவும் மனிதக் குரலால் மட்டுமே பாட வேண்டும் என்று இருந்தவர்கள். 1640-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான ‘பே சாம் புக்’ சங்கீதங்களைப் பாடுவதற்கேற்ற செய்யுளாக்கித் தந்தது. அதில் சொல் இருந்தது, சுரம் இல்லை. 1698-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சுரக்குறிப்பு சேர்ந்தது, அப்போதும் 13 மெட்டுகளோடு சரி.

புத்தகம் இல்லாதவர்களுக்காகவும் படிக்கத் தெரியாதவர்களுக்காகவும் டீக்கன் ஒருவர் வரிவரியாகச் சொல்லித் தருவார், சபை அதை வாங்கிப் பாடும். இரண்டு மூன்று தலைமுறை இப்படியே போனதில் மெட்டுகள் உருமாறின. ஒருவர் இழுத்துப் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் அதற்குள் அடுத்த சுரத்துக்குப் போய்விடுவார், இன்னொருவர் தமக்குத் தெரிந்த நெளிவுகளைச் சேர்ப்பார். வேகம் குறைந்துகொண்டே வந்தது. 1720 வாக்கில் படித்த போதகர்கள் சிலர் இதை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார்கள், துண்டுநூல் போட்டார்கள். எழுதியிருக்கும் சுரத்தைப் பார்த்து எல்லாரும் ஒன்றாகப் பாட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1721-இல் ஜான் டஃப்ட்ஸ், தாமஸ் வால்டர் என்ற இரு போதகர்கள் சுரம் படிக்கக் கற்றுத்தரும் கையேடுகளை வெளியிட்டார்கள். பழைய வழியே போதும் என்று மூத்தவர்கள் பலர் வரிந்துகட்டினார்கள். பல ஊர்களில் இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இதில் பிறந்ததுதான் பாட்டுப் பள்ளி. ஊருக்கு ஒரு பாட்டு வாத்தியார் வருவார். பள்ளிக்கூடத்திலோ சாவடி போன்ற பொது இடத்திலோ சில வாரங்கள், சில மாதங்கள் மாலை வகுப்பு நடக்கும். இளவட்டங்கள் மெழுகுவர்த்தியும் புத்தகமுமாக வந்து சேர்வார்கள். நமது ச, ரி, க, ம போல அவர்களுக்கும் சுர எழுத்துகள் உண்டு, ஆனால் நான்கே நான்கு: ஃபா, சோல், லா, மி. ஏழு சுரத்தையும் ஃபா, சோல், லா, ஃபா, சோல், லா, மி என்று இந்த நான்கை வைத்தே சொல்லிவிடுவார்கள். மெட்டை முதலில் எழுத்தால் பாடி, மனத்தில் ஏறிய பிறகு சொல்லைப் போட்டுப் பாடுவது முறை. சபைக்கு ஒழுங்காகப் பாடுகிறவர்கள் வேண்டும் என்று போதகர்கள் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, இளைஞர்களுக்கு ஊரில் கிடைத்த பெரிய சந்தோஷமாக மாறியது. பாடத் தெரிந்தவர்கள் மாடத்தில் தனிக் குழுவாக உட்காரத் தொடங்கினார்கள். பழைய மெட்டுகள் அவர்களுக்குப் போதவில்லை. நான்கு குரலும் வேலை செய்யும் புதிய மெட்டு கேட்டார்கள். பில்லிங்ஸ் மெட்டுப் போடத் தொடங்கியது இந்தத் தேவைக்காகத்தான்.

அவர் 1746-இல் பாஸ்டனில் பிறந்தார். 14 வயதில் தகப்பனார் இறந்ததும் பள்ளிப்படிப்பு நின்று தோல் தொழிலுக்குப் போனார். மாசசூசெட்ஸின் சேலம் நகரத்துப் போதகர் வில்லியம் பென்ட்லி தம் நாட்குறிப்பில் அவரைச் சித்திரித்திருக்கிறார்: நடுத்தர உடம்பு, ஒரு கால் குட்டை, ஒரு கண் இல்லை, உடையில் அக்கறை கிடையாது, ஆனால் பேச்சிலும் பாட்டிலும் சிந்தனையிலும் சாதாரண ஆட்களுக்கு மேலானவர். குரல் மிகப் பெரிது என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொழில்கூடத்துச் சுவரிலும் தோலிலும் சுண்ணாம்புக்கட்டியால் மெட்டு எழுதிப் பார்த்தார் என்பது செவிவழிக் கதை. உண்மையோ இல்லையோ, பகலில் தோலும் இரவில் சுரமுமாக வாழ்ந்தார் என்பது பொய்யல்ல. 1769 அக்டோபரில் ஜான் பேரி என்பவரும் அவருமாகச் சேர்ந்து பாஸ்டனில் பாட்டுப் பள்ளி திறக்கும் அறிவிப்பு ‘பாஸ்டன் கெசட்’ பத்திரிகையில் வந்தது. அவருக்கு 23 வயது நிறைந்த மாதம் அது.

தாமே கற்றவர் என்றால் ஒன்றும் கற்காதவர் என்று பொருளில்லை. பில்லிங்ஸுக்குக் குரு இல்லை, புத்தகம் இருந்தது. இங்கிலாந்தின் வில்லியம் டான்ஸர் எழுதிய இசைக் கையேடுகள் 1760-களில் மாசசூசெட்ஸிலேயே மறுபதிப்பாகிக் கிடைத்தன. டான்ஸரும் கிராமங்களைச் சுற்றிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்தான். லண்டனின் பெரிய தேவாலயங்களில் ஒலித்த இசைக்கும் அவர் எழுதிய இசைக்கும் தூரம் அதிகம். எந்தச் சுரத்தோடு எந்தச் சுரம் சேரும், எந்த இடத்தில் முரண்சுரம் வரலாம், ஒரு வரியை எப்படி முடிப்பது என்பவற்றை அந்தப் புத்தகங்கள் கேள்வி–பதிலாகவும் விதியாகவும் சொல்லித்தந்தன. பில்லிங்ஸ் அவற்றை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பது அவருடைய முதல் புத்தகத்தின் இசையிலக்கண முன்பகுதியைப் பார்த்தால் தெரியும்.

அதே புத்தகத்தில்தான் அவருடைய புகழ்பெற்ற அறிவிப்பும் இருக்கிறது. இயற்கைதான் சிறந்த ஆசான் என்றார். வறட்டு விதிகளை எத்தனை படித்தாலும் மெட்டுக் கட்டும் திறமை அதனால் வந்துவிடாது என்றார். முன்னோர் போட்ட இலக்கணத்துக்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்லர், தாமே விதி வகுத்தாலும் பின்னால் வருகிறவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் தம் வழியைத் தாமே செதுக்கிக்கொள்ள வேண்டும் என்றார். அமெரிக்க இசை பற்றி எழுதுகிற எல்லாரும் இந்த இடத்தைத் தவறாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். இதை மட்டும் படித்துவிட்டு விதி அறியாத காட்டு மேதை என்று அவரை நினைத்துக்கொள்வது தவறு. அவர் விதியைப் படித்தார், தேவையானதை எடுத்துக்கொண்டார், தம் காதுக்கு ஒவ்வாததை விட்டார். விட்டது எது என்பதை அவர் எப்படி எழுதினார் என்பதிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் பாட்டின் அளவு. வேதச் சங்கீதங்களையும் ஐசக் வாட்ஸ் எழுதிய பாட்டுகளையும்தான் அந்தச் சபைகள் அதிகம் பாடின. தமிழ்ச் சபைகளில் புனித வெள்ளியன்று பாடும் சிலுவைப் பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதிய அதே வாட்ஸ்தான் இவர். பாட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில அளவுகளுக்குள் அடங்கும். நான்கு வரியும் எட்டெட்டு அசையானால் நீள் அளவு. எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று வந்தால் பொது அளவு. ஆறு, ஆறு, எட்டு, ஆறு என்றால் குற்றளவு. ஒரே அளவில் உள்ள எந்தப் பாட்டையும் அதே அளவில் உள்ள எந்த மெட்டிலும் பாடலாம். அதனால் மெட்டுக்குப் பாட்டின் பெயரை வைப்பதில்லை, ஊர்ப் பெயரோ வேறு பெயரோ வைப்பார்கள். பில்லிங்ஸின் மெட்டுகளில் ‘செஸ்டர்’ ஒன்று, ‘ஆப்பிரிக்கா’ ஒன்று.

அடுத்தது டெனர். பாமாலையை நான்கு குரலில் பாடும் தமிழ்ப் பாடகர் குழுக்களில் மெட்டு மேல்குரலான சோப்ரானோவில் இருக்கும், மற்ற மூன்றும் அதைத் தாங்கும். பில்லிங்ஸின் இசையில் மெட்டு ஆண்களின் டெனரில் இருந்தது. பெண்கள் சிலரும் ஒரு ஸ்தாயி மேலே அதையே சேர்ந்து பாடினார்கள். மெட்டு நடுவில் ஓடும், மேலே டிரெபிள், அதற்குக் கீழே கவுண்டர், அடியில் பாஸ். பில்லிங்ஸ் முதலில் டெனர் வரியை மட்டும் கடைசிவரை எழுதி முடித்துவிடுவார். அது மனம் போன போக்கில் பறந்து வருவது, அதற்குக் கட்டுப்பாடு இல்லை என்று 1794-இல் அவரே எழுதினார்.

டெனருக்குப் பிறகு மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். இரண்டாவது குரல் ஒன்றோடு மட்டும் ஒத்துப்போனால் போதும். மூன்றாவது குரல் இரண்டோடு ஒத்துப்போக வேண்டும். நான்காவது வருவதற்குள் நல்ல சுரங்களை மற்ற மூன்று குரல்களும் எடுத்துக்கொண்டிருக்கும், எஞ்சியதைத்தான் அது பாட வேண்டும். பல பாட்டு வாத்தியார்களின் மெட்டுகளில் கவுண்டர் ஒரே சுரத்தில் நின்று அரற்றிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். பில்லிங்ஸ் இந்தக் குறையை ஒளிக்கவில்லை. கடைசியில் எழுதும் குரல் முதலில் எழுதியதைப்போல் அரிதாகவே அமைகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். நான்கு குரலில் ஒவ்வொன்றும் தனியே பாடினாலும் மெட்டாக இருக்க வேண்டும், சேர்த்துப் பாடினாலும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய சிரமம் என்றும் எழுதினார்.

இப்படி ஒரு குரலின் மேல் இன்னொரு குரலை அடுக்கும்போது ஐரோப்பிய இலக்கணம் தவறு என்று சொல்லும் இரண்டு காரியங்கள் தாமாகவே நடந்துவிடுகின்றன. ஒன்று, இரண்டு குரல்கள் ச–ப இடைவெளியிலேயே ஒன்றாக மேலேயும் கீழேயும் நகர்வது. முறையாகக் கற்ற மாணவனின் தாளில் அப்படி வந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். இரண்டு, வரியின் முடிவில் ச, க, ப மூன்றும் சேர வேண்டிய இடத்தில் காந்தாரம் இல்லாமல் ச–ப மட்டும் நிற்பது. பியானோவுக்குப் பழகிய காதுக்கு அது வெறுமையாகப் படும். தம்பூரா சுருதிக்குப் பழகிய காதுக்கு அந்த ஒலி அந்நியமல்ல. உத்தரமும் தூணும் மட்டும் நிற்கும் மண்டபம்போல அது திறந்து ஒலிக்கும். வாத்தியம் இல்லாத மரக் கட்டடத்தில், ஐம்பது பேர் தொண்டை திறந்து பாடும்போது அந்த ச–ப இணையின் பலம் தனி.

பாஸ் குரலைப் பற்றி அவர் கணக்கே கொடுத்திருக்கிறார். 40 பேர் பாடுவதானால் 20 பேர் பாஸ் பாட வேண்டும், மீதி 20 பேரைத்தான் மேலே உள்ள குரல்களுக்குப் பிரிக்க வேண்டும். இன்றைய குழுக்கள் யாரும் ஒப்பாத விகிதம் இது. ஆனால் ஆர்கனோ வேறு தாங்கும் வாத்தியமோ இல்லாத சபையில் இசைக்கு அஸ்திவாரம் மனிதத் தொண்டைதான் என்பதை நினைத்தால் கணக்கு விளங்கும். மேசையில் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தவர் இப்படிக் கணக்குச் சொல்ல மாட்டார். வாரந்தோறும் முன்னால் நின்று பாடவைத்தவர்தான் சொல்வார்.

1770-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முகப்புப் படத்தில் அவருடைய இன்னொரு பயிற்சி தெரிகிறது. படத்தைச் செதுக்கியவர் பால் ரிவியர், பின்னாளில் புரட்சிப் போரின் நள்ளிரவுக் குதிரைச் சவாரியால் அமெரிக்கக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த பெயரான அதே வெள்ளிப் பத்தர். மேசையைச் சுற்றி ஏழு பேர் அமர்ந்து பாடுகிறார்கள். அவர்களைச் சுற்றி வட்டமாகச் சுரக்கோடுகள் ஓடுகின்றன. அது ஒரு கேனன்: ஒரே மெட்டை ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கிப் பாட, ஏழாமவர் அடியில் மாறாத பாஸ் ஒன்றைப் பாடுவார். படத்தில் ஏழு பேர் இருப்பதற்கு அதுதான் கணக்கு.

இந்தப் புத்தகத்தின் ஆகச் சிறந்த உருப்படியும் அதே இனம்தான். இயேசு கண்ணீர் விட்டதைப் பாடும் சிறு சுழல்பாட்டு, ஆங்கிலத்தில் ‘வென் ஜீஸஸ் வெப்ட்’. நான்கே வரி. முதல் குரல் ஒரு வரியை முடித்து இரண்டாம் வரிக்குப் போகும்போது அடுத்த குரல் முதல் வரியைத் தொடங்கும். நான்கு குரலும் நுழைந்த பிறகு நான்கு வரியும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். சுழல்பாட்டை எழுதுகிறவர் நான்கு குரலுக்குமான இசையை ஒரே வரி நீளத்துக்கு மேலும் கீழுமாக அடுக்கி எழுதி, பிறகு அடுக்கைக் கலைத்து ஒரே நீண்ட மெட்டாகக் கோக்க வேண்டும். ஒரு குரலில் உள்ள தவறு மற்ற மூன்றிலும் வந்துவிடும், எஞ்சியதை நான்காம் குரலுக்குத் தள்ளிவிடவும் வழியில்லை. ஏனென்றால் எல்லாரும் எல்லா வரியையும் பாடியாக வேண்டும். கவுண்டருக்கு நல்ல மெட்டு கிடைக்காத சிக்கல் இந்த வடிவத்தில் எழவே எழாது. 24 வயதில் இதை இத்தனை சுத்தமாக எழுதியவரைப் பயிற்சியில்லாதவர் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் முழுவதும் அப்படி இல்லை. கையில் இருந்ததையெல்லாம் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். சொற்களே இல்லாமல் சுரம் மட்டும் அச்சான மெட்டுகள் பல. பாடுகிறவருக்கு மூச்சு வாங்க இடமில்லாத வரிகளும், எங்கோ தொடங்கி எங்கோ போகும் மெட்டுகளும் அதில் உண்டு. 1778-இல் ‘தி சிங்கிங் மாஸ்டர்ஸ் அசிஸ்டென்ட்’ என்ற இரண்டாவது புத்தகத்தை வெளியிட்டபோது முன்னுரையில் இதைத் தாமே சொன்னார். முதல் புத்தகம் வந்தபோது அதை ரூபன் என்று நினைத்து மகிழ்ந்தாராம். யாக்கோபின் தலைச்சன் ரூபன், தகப்பன் பெருமைப்பட்ட பிள்ளை, பிறகு நிலையில்லாதவன் என்று அதே தகப்பனால் ஒதுக்கப்பட்டவன். நாள் ஆக ஆகத் தம் தலைச்சன் பிள்ளையும் ரூபன்தான் என்பது தெரிந்தது, பல உருப்படிகள் அச்சேறவே தகுதியில்லாதவை என்று எழுதினார். அச்சில் வந்த தம் சொந்தப் புத்தகத்தைப் பற்றி இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் புதிதாக எந்த ஆசானிடமும் போகவில்லை. பாட்டுப் பள்ளி நடத்தினார். 1774-இல் ஸ்டௌட்டன் ஊரில் நடத்திய பள்ளியில் படித்த லூசி ஸ்வான் என்ற பெண்ணை அதே ஆண்டில் மணந்துகொண்டார். தாம் எழுதியதைப் பிறர் பாடக் கேட்டார். எந்த இடத்தில் டிரெபிள் தடுக்குகிறது, எந்த இடத்தில் கவுண்டர் அலுத்துப்போய் டெனருக்குத் தாவிவிடுகிறது என்பது கரும்பலகையை விடத் தெளிவாகத் தெரியும் இடம் பாட்டு வகுப்பு. 1778-ஆம் ஆண்டுப் புத்தகம் பாதியளவுதான், எழுபது உருப்படிகளைச் சுற்றி. பழைய மெட்டுகள் சிலவற்றைத் திருத்திச் சேர்த்தார், மிச்சத்தைக் கைவிட்டார். சொல்லின் அழுத்தமும் மெட்டின் தாளமும் இப்போது ஒன்றாக நடந்தன. மக்கள் இதை ‘பில்லிங்ஸின் பெஸ்ட்’ என்றே அழைத்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் வேதத்தின் உரைநடையை அப்படியே எடுத்து நீளமாக இசையமைத்த ஆந்தம்களும் உண்டு. உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ள சாரோனின் ரோஜாவை வைத்து எழுதியது அவற்றில் ஒன்று. மகன் அப்சலோம் இறந்த செய்தி கேட்டுத் தாவீது ராஜா அழுத இடத்தை வைத்து எழுதிய ‘டேவிட்ஸ் லாமென்டேஷன்’ மிகச் சிறியது, இரண்டு நிமிடத்தில் பாடி முடித்துவிடலாம். ராஜா அறைக்குப் போனதையும் அழுததையும் கதைபோலச் சொல்லிவிட்டு, மகனை விளிக்கும் சொல்லுக்கு வந்ததும் இசை அங்கேயே திரும்பத் திரும்ப நிற்கிறது. இசையில் வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. பில்லிங்ஸ் எழுதியவற்றில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை.

புரட்சிப் போர் அந்தப் புத்தகத்தில் நேரடியாகவே நுழைந்தது. 137-ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆறுகளின் கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுவதை எடுத்து, பாபிலோன் இருந்த இடத்தில் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வாட்டர்டவுனை வைத்து, ஆங்கிலப் படை பிடித்துவைத்திருந்த பாஸ்டனுக்காக அழுதார். ‘செஸ்டர்’ மெட்டுக்கு முன்பே தாம் எழுதிய சொற்களோடு ஆங்கிலத் தளபதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் புதிய அடிகளைச் சேர்த்தார். அது போர்ப்பாட்டாகப் பரவியது. அவருடைய சுதேசி உணர்வு போருக்கும் முந்தியது. ஆங்கில அரசு 1767-இல் காகிதத்துக்கும் தேயிலைக்கும் வரி போட்டிருந்த காலத்தில், உள்ளூர்க் காகிதத்தில்தான் அச்சாக வேண்டும் என்பதற்காக முதல் புத்தகத்தை 18 மாதம் தள்ளிவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய இசையில் முரண்சுரமே இல்லை, எல்லாம் இனிப்பாக இருக்கிறது என்று குறை சொன்னவர்களுக்கும் அதே புத்தகத்தில் பதில் உண்டு. ‘ஜார்கன்’ என்ற சிறு உருப்படி முழுக்கச் சேராத சுரங்களால் ஆனது. கழுதை பாஸ் பாட வேண்டும், ரம்பத்தை அராவும் சத்தம் டெனர் பாட வேண்டும், பசித்த பன்றி கவுண்டரும், மசகு போடாத பாரவண்டிச் சக்கரம் டிரெபிளும் பாட வேண்டும் என்று பாடும் முறையும் எழுதிவைத்தார். சிரிக்கவைக்கும் இந்தத் துண்டுக்குள் ஒரு தொழில் உண்மை இருக்கிறது. சேரும் சுரம் எது என்பதைத் திட்டவட்டமாக அறிந்தவரால்தான் சேராததை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பாட்டு முழுக்க நிரப்ப முடியும்.

பில்லிங்ஸுக்குப் பிறகு இந்த வழியில் வந்தவர்கள் பலர், அவர்களில் நிறையப் பேர் கைத்தொழிலாளிகள். டேனியல் ரீட் சீப்புச் செய்பவர், டிமோதி ஸ்வான் தொப்பி தைப்பவர், ஆலிவர் ஹோல்டன் தச்சர். ஜஸ்டின் மார்கன் வளர்த்த குதிரையின் வம்சம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இவர்களுக்கு மிகவும் பிடித்த வடிவம் ஃபியூகிங் டியூன். பாட்டின் முதல் பாதியை நான்கு குரலும் சேர்ந்து பாடி ஒரு நிறுத்தத்துக்கு வரும். பிறகு ஒரு குரல், பெரும்பாலும் பாஸ், தனியே புறப்படும். இரண்டொரு தாளம் கழித்து அடுத்தது அதைத் துரத்தும், பிறகு அடுத்தது. கடைசியில் நான்கும் ஒன்றுகூடி முடிக்கும். ஒரே நேரத்தில் நான்கு குரல் நான்கு வேறு சொற்களைப் பாடுவதால் வேத வசனம் கேட்பவர் காதில் விழாமல் போகிறது என்று போதகர்கள் புகார் சொன்னார்கள். புகார் நியாயமானதுதான். ஆனால் கவுண்டருக்கும் ஒரு முறையாவது தனியே நுழைய வாய்ப்புத் தந்த வடிவம் அது. மாடத்தில் இருந்தவர்கள் அதை விடத் தயாராக இல்லை.

எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. முதல் புத்தகத்துக்குப் பதிப்புரிமை கேட்டு மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். 1772-இல் சபை மசோதாவை நிறைவேற்றியது, கவர்னர் தாமஸ் ஹட்சின்சன் கையெழுத்திட மறுத்துவிட்டார். அந்த மாநிலத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் 1783-இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய மெட்டுகளை மற்றவர்கள் தம் தொகுப்புகளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவருக்குக் காசு வரவில்லை. பிற்காலத்தில் நகராட்சியில் தெருத் துப்புரவு மேற்பார்வை, தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிப்பது, தோலுக்கு முத்திரை வைப்பது போன்ற சிறு வேலைகள் பார்த்தார். 1794-இல் வந்த கடைசிப் புத்தகமான ‘தி கான்டினென்டல் ஹார்மனி’ அவர் குடும்பத்துக்கு உதவுவதற்காக மற்றவர்கள் முன்னின்று அச்சிட்டது. ஆசிரியருக்கும் மாணவனுக்கும் நடக்கும் நீண்ட உரையாடல் அதில் உண்டு. டெனர் வரியைப் பற்றியும் கடைசிக் குரலின் குறையைப் பற்றியும் மேலே சொன்ன குறிப்புகள் அதில் உள்ளவை. மறு ஆண்டு மனைவி இறந்தார். 1800 செப்டம்பர் 26-இல் ஆறு பிள்ளைகளை விட்டு அவரும் இறந்தார். பாஸ்டன் காமன் மைதானத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடையாளமில்லாத குழியில் புதைக்கப்பட்டார்.

அடுத்த தலைமுறை அவரைத் தூக்கிப் போட்டது. ஐரோப்பிய இலக்கணப்படி எழுதியதுதான் நல்ல சபை இசை என்ற எண்ணம் நகரங்களில் வேரூன்றியது. 1822-இல் பாஸ்டன் ஹாண்டல்–ஹைடன் சங்கத்துக்காக லோவல் மேசன் தொகுத்த புத்தகம் அந்த ரசனையை நாடெங்கும் கொண்டுபோனது. மெட்டு டெனரிலிருந்து மேல்குரலுக்கு ஏறியது, மற்றக் குரல்கள் துணைக்கு நின்றன. அந்த இசை மென்மையானது, பிழையில்லாதது. ஆனால் கவுண்டரின் இடத்துக்கு வந்த ஆல்ட்டோவைப் பாடுகிறவருக்குத் தன் வரியை வீட்டில் தனியே முணுமுணுக்க எதுவும் இருக்காது.

பில்லிங்ஸின் மெட்டுகள் தெற்கே போய்ப் பிழைத்தன. 1801-இல் வெளிவந்த ‘தி ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ என்ற புத்தகம் நான்கு சுர எழுத்துக்கும் நான்கு வடிவம் கொடுத்திருந்தது: ஃபாவுக்கு முக்கோணம், சோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மிக்கு வைரம். சுரக்கோட்டைப் படிக்கத் தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்துப் பாடிவிடலாம். இந்த வடிவச் சுரங்களில் 1844-இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பி. எஃப். ஒயிட்டும் ஈ. ஜே. கிங்கும் வெளியிட்ட ‘தி சேக்ரட் ஹார்ப்’ தொகுப்பு திருத்தப் பதிப்புகளாக இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. ‘ஆப்பிரிக்கா’, ‘டேவிட்ஸ் லாமென்டேஷன்’, சாரோனின் ரோஜா ஆந்தம் எல்லாம் அதில் உள்ளன. கச்சேரி மேடைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் வில்லியம் ஷூமன். ‘வென் ஜீஸஸ் வெப்ட்’, ‘செஸ்டர்’ உள்ளிட்ட மூன்று உருப்படிகளை வைத்து 1956-இல் ‘நியூ இங்கிலாந்து டிரிப்டிக்’ என்ற வாத்தியக் குழு இசையை எழுதினார்.

அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் சேக்ரட் ஹார்ப் பாடுகிறவர்கள் கூடும்போது கேட்பவர்களுக்கென்று தனி இடம் போடுவதில்லை. நான்கு குரலும் நான்கு பக்கமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி சதுரமாக உட்காருகிறார்கள். நடத்துகிறவர் நடுவில் நிற்கிறார், பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது. வாத்தியம் கிடையாது. சொற்களைப் பாடுமுன் ஒரு முறை ஃபா, சோல், லா, மி என்று எழுத்துகளாலேயே மெட்டு முழுவதையும் பாடுகிறார்கள். 1769-இல் பாஸ்டன் பாட்டுப் பள்ளியில் பில்லிங்ஸ் சொல்லிக்கொடுத்ததும் அதே நான்கு எழுத்துகளைத்தான்.